இன்ஸ்டாலர் கோப்புறை: 31 ஜிபியிலிருந்து 14 ஜிபிக்கு

சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் என்ற கோப்புறையைக் குறைக்கும் வேலையில் சென்ற ஆண்டு ஒரு முறை தோற்றேன். இந்த ஆண்டு மறுபடியும் தொடங்கி, நகர்த்திய கோப்புகள் இல்லாமலே கணினி 60 நாள்கள் ஓடி, எல்லா மென்பொருள்களும் ஒரு முறையாவது புதுப்பிப்பு பெற்று முடித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தக் கோப்புறையில் செய்யும் பிழை அன்றைக்கே தெரிவதில்லை. வாரக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும்.

கணினி வீட்டில் இருப்பது. 2017இல் வாங்கியது, விண்டோஸ் 10, 120 ஜிபி எஸ்எஸ்டி. பகலில் அக்கா அதில் கணக்கு வேலை பார்க்கிறார், இரவில் நான் எடுத்துக்கொள்வேன். 120 ஜிபி என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டுவது 111 ஜிபிதான். அதில் 1.9 ஜிபி மட்டும் மிஞ்சியிருந்த நிலையில் விண்டோஸ் புதுப்பிப்பு இடமில்லை என்று நின்றுவிட்டது. டிஸ்க் கிளீனப்பை ஓட்டியதில் 700 எம்பி கிடைத்தது. கடையில் கேட்டதற்கு 500 ஜிபி எஸ்எஸ்டி ரூ. 3,400, பழைய டிரைவை அப்படியே பிரதியெடுத்துத் தர ரூ. 800 என்றார்கள். பணம் ஒரு பக்கம் இருக்க, அக்காவின் கணக்கு மென்பொருளின் உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டிருந்ததால், புதிதாக விண்டோஸ் போடவோ டிரைவை மாற்றவோ நான் துணியவில்லை.

விஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, இடத்தை எது தின்கிறது என்று பார்த்தேன். முதல் வரியிலேயே இன்ஸ்டாலர் கோப்புறை 31.4 ஜிபி என்று நின்றது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டு என்று மட்டும் சொன்னால் இந்தக் கோப்புறை தெரியாது. பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் இன்னொரு தேர்வையும் நீக்க வேண்டும், அல்லது முகவரிப் பட்டையில் பாதையை நேராகத் தட்டச்சு செய்ய வேண்டும். திறந்தால் உள்ளே எண்ணும் எழுத்தும் கலந்த, பொருள் எதுவும் தராத பெயர்களில் எம்எஸ்ஐ கோப்புகளும் எம்எஸ்பி கோப்புகளும் வரிசையாகக் கிடந்தன. 583917.எம்எஸ்ஐ என்ற பெயரைப் பார்த்து அது எந்த மென்பொருளுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

சென்ற ஆண்டு என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. இவை எப்போதோ ஓடி முடிந்த நிறுவல் கோப்புகளின் மிச்சம் என்று முடிவு கட்டி, தேதி வாரியாக வரிசைப்படுத்தி, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையவற்றை எல்லாம் அழித்தேன். ஏறத்தாழ 4 ஜிபி கிடைத்தது. மறுதொடக்கம் செய்த பிறகும் எல்லா மென்பொருள்களும் வழக்கம்போல ஓடியதால் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். மூன்று வாரம் கழித்து ஸ்கேனர் மென்பொருளின் புதிய பதிப்பைப் போடப் போனபோது 1714 என்ற பிழை எண்ணும், பழைய பதிப்பை நீக்க முடியவில்லை என்ற செய்தியும், அதன் வாலில் 1612 என்ற இன்னொரு எண்ணும் வந்தன. சரி, பழையதை நானே நீக்குகிறேன் என்று கன்ட்ரோல் பேனலுக்குப் போனால், நிறுவல் கோப்பு இருக்கும் கோப்புறையைக் காட்டு என்று கேட்டு ஒரு பெட்டி திறந்தது. அது கேட்ட கோப்பைத்தான் நான் அழித்திருந்தேன். பழையதை நீக்கவும் முடியவில்லை, புதியதை ஏற்றவும் முடியவில்லை.

அந்தச் சிக்கலில்தான் இந்தக் கோப்புகளின் வேலை எனக்கு விளங்கியது. எம்எஸ்ஐ என்பது ஒரு சிறிய தரவுத்தளம். எந்தக் கோப்பை எங்கே வைக்க வேண்டும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுத வேண்டும், நீக்கும்போது எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்ற விவரம் முழுவதும் அதன் அட்டவணைகளில் இருக்கிறது. மென்பொருளை நிறுவும்போதே விண்டோஸ் அதில் ஒரு பிரதியை இந்தக் கோப்புறைக்குள் வேறு பெயரில் எடுத்து வைத்துக்கொள்கிறது. பின்னாளில் பழுதுநீக்கம், புதுப்பிப்பு, நீக்கம் ஆகிய மூன்றும் அந்தப் பிரதியைப் படித்துத்தான் நடக்கின்றன. எம்எஸ்பி என்பது ஏற்கெனவே நிறுவிய மென்பொருளின் மேல் போடும் பேட்ச். அதற்கும் இதே ஏற்பாடுதான். விண்டோஸ் 7க்கு முன்பு பிரதியெடுக்கும்போது உள்ளே பொதிந்திருக்கும் கேப் கோப்புகளை, அதாவது மென்பொருளின் கோப்புகளைச் சுருக்கி அடைத்த பொட்டலங்களை, கழித்துவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் வைத்தார்கள். விண்டோஸ் 7இல் வந்த இன்ஸ்டாலர் 5.0 முதல் கேப் கோப்புகளையும் சேர்த்து முழுதாக வைக்கிறார்கள். கோப்புறை இவ்வளவு பெருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஸ்கேனரின் கதையை முடித்துவிடுகிறேன். தயாரிப்பாளரின் தளத்தில் புதிய பதிப்பு மட்டுமே கிடைத்தது. பழைய மென்பொருளை நீக்க அதே பதிப்பின் எம்எஸ்ஐதான் வேண்டும். அலமாரியைக் குடைந்து, ஸ்கேனரோடு வந்த குறுந்தகட்டை எடுத்து, அதிலிருந்த எம்எஸ்ஐயை டி டிரைவில் வைத்து, எம்எஸ்ஐ கோப்புகளை இயக்கும் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையைப் பழுதுநீக்கும் விருப்பத்தோடும், மூலத்திலிருந்து படித்துப் பிரதியை மீண்டும் சேமிக்கச் சொல்லும் ‘வி’ என்ற எழுத்தோடும் ஓட்டினேன். 20 நிமிடம் ஆனது. இன்ஸ்டாலர் கோப்புறையில் புதிய பெயரில் ஒரு பிரதி உண்டானது, அதன் பிறகு புதிய பதிப்பும் தடையின்றி ஏறியது. அந்தக் குறுந்தகடு கையில் இருந்ததால்தான் தப்பித்தேன்.

இந்த ஆண்டு எதையும் தொடுவதற்கு முன் பட்டியல் எடுத்தேன். எக்ஸ்ப்ளோரரில் விவரக் காட்சிக்கு மாற்றி, தலைப்பு வரிசையில் வலது சொடுக்கி, ‘சப்ஜெக்ட்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்தால் ஒவ்வொரு கோப்பின் எதிரிலும் அது எந்த மென்பொருளுடையது என்ற பெயர் வந்துவிடுகிறது. பெயர் தெரியாத குவியலாக இருந்தது அந்த ஒரே சொடுக்கில் படிக்கக்கூடிய பட்டியலாக மாறியது. எம்எஸ்ஐ 212 கோப்புகள், 7.9 ஜிபி. எம்எஸ்பி 64 கோப்புகள், 21.8 ஜிபி. மீதி 1.7 ஜிபியில் பேட்ச்களுக்கான அடிப்படைக் கோப்புச் சேமிப்பும், அடைப்புக்குறிக்குள் நீண்ட அடையாள எண்ணைப் பெயராகக் கொண்ட சிறு கோப்புறைகளும் இருந்தன. அந்தச் சிறு கோப்புறைகளைத் தொட வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் தெரியும் ஐகான்கள் பல அவற்றில்தான் இருக்கின்றன, எடுத்தால் வெற்றுத்தாள் படம்தான் மிஞ்சும், கிடைக்கும் இடமும் மிகச் சொற்பம்.

எண்ணிக்கையில் கால் பங்குகூட இல்லாத பேட்ச்கள்தான் மூன்றில் இரண்டு பங்கு இடத்தைப் பிடித்திருந்தன. ஒவ்வொரு புதுப்பிப்பும் முந்தையதன் மாற்றங்களையும் சேர்த்துச் சுமந்து வருவதால் அடுத்தடுத்து வரும் கோப்புகள் பருத்துக்கொண்டே போகின்றன. ஒரே மென்பொருளின் பெயர் ஒன்பது முறை வரிசையாக வந்ததைக் கண்டபோது, எட்டு நிச்சயம் வேண்டாதவை என்றே தோன்றியது. ஆனால் சென்ற ஆண்டு தேதியை நம்பிக் கெட்டதைப் போல இந்த ஆண்டு பெயரை நம்பிக் கெடக் கூடாது என்று, எந்தக் கோப்பைக் கணினி தன்னுடையதாகப் பதிந்து வைத்திருக்கிறது என்பதை மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

அந்தப் பதிவு ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. எல்லாப் பயனருக்கும் பொதுவாக நிறுவியவை எஸ்-1-5-18 என்ற கிளையின் கீழ் மென்பொருள், பேட்ச் என இரு பிரிவாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ‘லோக்கல் பேக்கேஜ்’ என்ற மதிப்பு, அதற்குரிய பிரதி இன்ஸ்டாலர் கோப்புறையில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அங்கே மென்பொருளின் அடையாள எண்ணைத் தேடி ஒரு மணி நேரம் வீணாக்கினேன், கிடைக்கவே இல்லை. அந்த எண்ணை அப்படியே எழுதாமல் புரட்டி எழுதியிருக்கிறார்கள் என்பது பிறகே தெரிந்தது. முதல் எட்டு எழுத்துகள் கடைசியிலிருந்து முன்னுக்கு வரும், அடுத்த நான்கும் அதற்கடுத்த நான்கும் அவ்வாறே, மீதி எல்லாம் இரண்டிரண்டாக இடம் மாறும். எண்ணின் மூன்றாம் பகுதியாகப் பல மென்பொருள்களில் வரும் 1033 என்பது ரெஜிஸ்ட்ரியில் 3301 என்று நிற்கும். இது தெரிந்த பிறகு எந்த மென்பொருளையும் ஒரு நிமிடத்தில் தேடிப்பிடிக்க முடிந்தது.

ஆனால் 276 கோப்புகளைக் கையால் ஒப்பிட முடியாது. எனவே விண்டோஸில் கட்டளைகளை எழுதி ஓட்டும் பவர்ஷெல்லுக்குப் போனேன். இரண்டாவது தவறு அங்கே. இணையத்தில் பலரும் காட்டும் எளிய வழி, விண்டோஸின் தகவல் சேவையில் உள்ள வின்32 புராடக்ட் என்ற வகையிடம் நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைக் கேட்பது. ஒரே வரிதான், எழுதிவிட்டு எண்டரை அழுத்தினேன். 14 நிமிடம் வட்டு ஓயாமல் ஓடியது, விசிறி இரைந்தது. பட்டியல் வந்த பிறகு விண்டோஸ் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால், எம்எஸ்ஐஇன்ஸ்டாலர் என்ற பெயரில் 1035 என்ற எண்ணோடு மென்பொருளுக்கு ஒன்றாக நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன. பட்டியலைக் கேட்டால் பட்டியலை மட்டும் தருவதல்ல அது. ஒவ்வொரு மென்பொருளின் நிறுவலையும் சரிபார்க்கும், குறை கண்டால் பழுதுநீக்கத்தையும் தொடங்கிவிடும். பிரிண்டர் மென்பொருள் ஒன்றில் அக்கா மாற்றி வைத்திருந்த அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பியிருந்தன. அவற்றை மறுபடி அமைத்துக் கொடுக்க ஒரு மாலை போயிற்று. அந்த வரியை எங்கே கண்டாலும் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரியான வழி, விண்டோஸ் இன்ஸ்டாலர் தன்னைப் பற்றிச் சொல்வதற்கென்றே வைத்திருக்கும் காம் ஆப்ஜெக்டை (நிரல்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் இடைமுகம்) பவர்ஷெல்லில் உருவாக்கி, அதனிடம் மென்பொருள் பட்டியலையும் பேட்ச் பட்டியலையும் கேட்டு, ஒவ்வொன்றின் லோக்கல் பேக்கேஜ் மதிப்பை வாங்குவது. பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து, எல்லாப் பயனரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது, எதையும் தொடுவதில்லை. அங்கேயும் முதல் ஓட்டத்தில் ஒரு பிழை செய்தேன். பேட்ச்களுக்கு நிலை எண் உண்டு: 1 என்றால் நடப்பில் இருப்பது, 2 என்றால் புதிய பேட்ச் ஒன்றால் பின்தள்ளப்பட்டது, 4 என்றால் வழக்கொழிந்தது. நான் 1ஐ மட்டும் கேட்டதால் 64 பேட்ச்களில் 19தான் பதிவில் உள்ளவை என்று வந்தது. மூன்றையும் கூட்டி 7 என்று கேட்டபோது 27 ஆனது. இடையிலிருக்கும் அந்த எட்டும் முக்கியமானவை. புதிய பேட்சை நீக்க நேர்ந்தால் பின்தள்ளப்பட்ட பழையது மறுபடி நடப்புக்கு வரும், அப்போது அதன் கோப்பு இருந்தாக வேண்டும்.

கோப்புறையில் இருப்பவற்றையும் பதிவில் இருப்பவற்றையும் ஒப்பிட்டதில், யாருக்கும் உரிமையில்லாமல் 25 எம்எஸ்ஐயும் 37 எம்எஸ்பியும் நின்றன. முன்னது 2.3 ஜிபி, பின்னது 15.1 ஜிபி. சரிபார்ப்பதற்காகப் பேட்ச்கிளீனர் என்ற இலவச மென்பொருளையும் ஓட்டினேன். அதன் பட்டியலும் பெரும்பாலும் ஒத்துப்போனது. ஆனால் குறிப்பிட்ட ஒரு பிடிஎஃப் மென்பொருளின் கோப்புகளை ஒதுக்கி வைக்கும் வடிகட்டி அதில் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. பதிவில் இல்லாத கோப்பை ஏன் காக்க வேண்டும் என்று எண்ணி அதை நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது தவறு அதுதான்.

நகர்த்துவதற்கு முன் சி டிரைவை முழுதாக இமேஜ் (அப்படியே ஒரு பிரதி) எடுத்து வெளிவட்டில் வைத்தேன். பிறகு 62 கோப்புகளின் பெயர், சப்ஜெக்ட், அளவு, தேதி ஆகிய நான்கையும் அட்டவணையாகத் திறக்கக்கூடிய ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதிக்கொண்டேன். அதே பெயர்களோடு ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் வெளிவட்டுக்கு நகர்த்தினேன். எதையும் அழிக்கவில்லை. 17.4 ஜிபி போனதும் இன்ஸ்டாலர் கோப்புறை 14 ஜிபிக்கு வந்தது. அன்றே ஒரு மென்பொருளை நீக்கிப் பார்த்தேன், ஒன்றைப் பழுதுநீக்கிப் பார்த்தேன், இரண்டைப் புதுப்பித்துப் பார்த்தேன். நான்கும் சரியாக நடந்தன.

பத்தாம் நாள் அந்தப் பிடிஎஃப் மென்பொருளின் புதுப்பிப்பு 1635 என்ற எண்ணோடு நின்றது. பேட்ச் கோப்பைத் திறக்க முடியவில்லை என்பது அதன் பொருள். நடப்பதை வரிக்கு வரி எழுதும் விரிவான பதிவுக் கோப்போடு மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, நான் நகர்த்திய 61204.எம்எஸ்பி என்ற பெயர் அதில் எழுதப்பட்டிருந்தது. சிஎஸ்வியில் தேடினால் அந்த மென்பொருளுடையவை எட்டுக் கோப்புகள், 3.6 ஜிபி. எட்டையும் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டு வந்தேன். புதுப்பிப்பு உடனே ஏறியது. ஐந்து நிமிட வேலை. சென்ற ஆண்டைப் போல அழித்திருந்தால் எந்தக் குறுந்தகட்டைத் தேடியிருப்பேன்?

அந்த 3.6 ஜிபியை மீட்க வேறு வழி பிடித்தேன். எட்டும் தத்தம் இடத்தில் இருக்கும்போதே பிடிஎஃப் மென்பொருளைக் கன்ட்ரோல் பேனல் வழியாக முறைப்படி நீக்கிவிட்டு, பவர்ஷெல் பட்டியலை மறுபடி எடுத்து, அந்தப் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எட்டையும் வெளிவட்டுக்கு அனுப்பினேன். பின்பு அண்மைப் பதிப்பை முழு நிறுவல் கோப்பிலிருந்து புதிதாக நிறுவினேன். கோப்புறை 14.2 ஜிபியில் நின்றது. முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும். நிறைய பேட்ச் சேர்ந்த மென்பொருளை முதலில் நீக்கி மறுபடி நிறுவிவிட்டு, அதன் பிறகு உரிமையற்றவற்றைக் கணக்கெடுப்பதே சரியான வரிசை.

சுருக்கி வைக்கலாமா என்றும் பார்த்தேன். 5 ஜிபி கோப்புகளின் பிரதியை வெளிவட்டில் வைத்து விண்டோஸிலேயே உள்ள என்டிஎஃப்எஸ் சுருக்கம் கொடுத்ததில் 4.8 ஜிபிக்கு வந்தது. உள்ளே இருக்கும் கேப் கோப்புகள் ஏற்கெனவே சுருங்கியவை, அதனால் அந்த வழியில் பயனில்லை. புரோகிராம்டேட்டாவில் உள்ள பேக்கேஜ் கேஷ் கோப்புறையும் கண்ணில் பட்டது. விஷுவல் சி++ தொகுப்புகள் போன்றவை தங்கள் நிறுவல் கோப்புகளை அங்கே வைக்கின்றன. பழுதுநீக்கத்துக்கும் நீக்கத்துக்கும் அவையும் தேவைப்படும் என்பதால் அதைத் தொடவில்லை. விண்டோஸ் தன் சொந்தக் கூறுகளைச் சேமிக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையைக் கையால் தொடவே கூடாது. அதற்கென்று டிஸ்ம் கட்டளையில் உள்ள துப்புரவு விருப்பத்தை மட்டும் ஓட்டினேன்.

மொத்தச் செலவு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு மாலையும். வெளிவட்டு ஏற்கெனவே இருந்தது. அடுத்த முறைக்காக வழக்கம் ஒன்றை இப்போதே தொடங்கியிருக்கிறேன். எந்த மென்பொருளை நிறுவினாலும் அதன் நிறுவல் கோப்பைப் பதிப்பு எண்ணோடு பெயரிட்டு டி டிரைவில் ஒரு கோப்புறையில் சேர்த்து வைக்கிறேன். எம்எஸ்ஐயாக வருபவற்றை எம்எஸ்ஐஎக்ஸெக் வழியாக விரிவான பதிவு எழுதச் சொல்லி நிறுவுகிறேன். அந்தப் பதிவையும் அருகிலேயே வைக்கிறேன். ஸ்கேனர் குறுந்தகட்டின் உள்ளடக்கமும் இப்போது அங்கே இருக்கிறது.

61ஆம் நாள் வெளிவட்டிலிருந்த 62 கோப்புகளில் பிடிஎஃப் மென்பொருளின் எட்டைத் தவிர மற்றவற்றை அழித்தேன். அந்த எட்டும் இன்னும் இரண்டு புதுப்பிப்பு வரும் வரை இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அக்காவின் அலுவலகக் கணினியிலும் இதே சிக்கல்தான், அங்கே இன்ஸ்டாலர் கோப்புறை 22 ஜிபி. பவர்ஷெல் பட்டியல் எடுத்ததில் 8.3 ஜிபி உரிமையற்றது என்று வந்தது. நகர்த்தட்டுமா என்று கேட்டேன். “மார்ச் கணக்கு முடியட்டும்டா, அதுவரைக்கும் அதில் எதையும் தொடாதே” என்றார். சிஎஸ்வியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். ஏப்ரலில் முதலில் பட்டியலை மறுபடி ஓட்டி, இந்த சிஎஸ்வியோடு ஒப்பிட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும்.